றஹ்மா எழுதினாச் சரி

கிண்ணியா
2024.03.20

அன்பு மகள் றஹ்மாவுக்கு உன் உம்மம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நௌபர் மருமகனும் சின்ன இல்மாவும் எப்படி இருக்கிறீங்க? நாங்கள் நோன்போட சுகம்.

முதல்ல உன்ட மாமாட பிள்ளைகளின்ட நல்ல செய்தியக் கேள். பஹ்மி புலமைப்பரிசில் பாஸ் பண்ணிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான். நான் படிப்ப விட்டது அஞ்சாம் வகுப்போட, அதனால இனி அவன் என்னை விடப் படிச்சவன். அஷ்ரப் துறைமுகத்தில பாரம் தூக்கிற கிரேன் ஓட்ட லைசன் எடுத்திட்டான். அசனா குர்ஆன் ஓதல் போட்டியில மாவட்டத்தில ரெண்டாவது. முதலாவதா வந்த பிள்ளைக்குத்தான் குரல் நல்லம் எண்டு அவளே சொல்லுறாள். நான் ஒத்துக்கொள்ளல்ல. நீ கெம்பஸ் போய்ப் படிச்சுப் பட்டம் எடுத்தது ஊருக்கே தெரியும். தெரியாத ஆளுக்கு நான் சொல்லிவிடுறன்.

காது ரெண்டும் இப்ப நல்லா அடைச்சுப் போச்சு மகள். போனில நீ கதைச்சா கடல் இரைச்சல்தான் கேட்குது. அசனா கேட்டுச் சொல்லுவாள்தான். ஆனா உன்ட கதைய இன்னொரு ஆளின்ட வாயால கேட்க எனக்கு விருப்பமில்ல. உன்ட உம்மாவும் குவைத்தில. நீ கையால எழுது. கண்ணாடி போட்டு நானே வாசிப்பன்.

பக்கத்து வீட்டுச் சனூஸாவுக்கு ஆம்பிளப் பிள்ளை கிடைச்சிருக்கு. அப்னான் எண்டு பேர். மாப்பிள்ளை கட்டாரில. அவளுக்கு உம்மா இல்ல, எல்லாத்துக்கும் என்னட்டத்தான் ஓடி வாறாள். நான் பெத்த அஞ்சுக்கும் இந்த வெயிலுக்குச் சுட்டாறின தண்ணி பருக்கினனான். கிளினிக்கில குடுக்க வேணாம் எண்டாங்களாம். அவள் குழம்பிப்போயிட்டாள். 'பொறுகா, என்ட பேத்தியிட்டக் கேட்பம். அவட போனுக்குள்ள உலகத்து டொக்டர்மார் எல்லாரும் இருக்காங்க' எண்டு சொல்லி வச்சிருக்கிறன். பார்த்து எழுது. டொக்டர் சொன்னதையே எழுது.

உனக்காக ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் துஆ கேட்கிற,
உம்மம்மா சித்தி பரீதா

•

புல்மோட்டை
2024.04.02

அன்புள்ள உம்மம்மாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கட கால் வீக்கம் குறைஞ்சுதா? நோன்போட சேர்த்து பிறஷர் குளிசையை விட்டிடாதீங்க.

இல்மா மடியில இருக்கிறா. ஒரு கையால எழுதுறேன், எழுத்து ஓடித் திரியும். நௌபர் மணல் பெக்டரிக்குக் காலையில போனால் பொழுதுபடத்தான் வருவார். அதுவரைக்கும் நானும் இவவும்தான். பக்கத்து வீட்டுக்காரர் பெருநாளைக்கு ஊருக்குப் போயிட்டாங்க.

தண்ணிக் கதையைப் பார்த்தேன். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் காலத்திலயும் தண்ணி தேவையில்ல. நான் பார்த்த நல்ல இடங்கள் எல்லாம் ஒண்டுபோலச் சொன்னது இதைத்தான். மற்றதெல்லாம் எனக்கு விளங்குதில்ல உம்மம்மா. அழுதால் உடனே தூக்கு எண்டு ஒருத்தர். தூக்கினால் பழகிப்போகும் எண்டு இன்னொருத்தர். ரெண்டு பேரும் பிழை எண்டு சொல்லிப்போட்டு மூண்டாவது ஆள் எண்ணெய்ப் போத்தல் விக்கிறா. மூண்டையும் வாசிச்சு முடிக்க முந்தி இல்மா அழத் தொடங்கிடுவா. எதை வாசிச்சேன் எண்டதும் மறந்துபோகும்.

பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரமெல்லாம் போனைத்தான் பார்க்கிறேன். சரியான களைப்பு. எழுதக்கூடாது எண்டு நினைச்சேன், எழுதிட்டேன்.

பெருநாள் சந்தோஷமாப் போகட்டும்.
உங்கட மகள் றஹ்மா

•

கிண்ணியா
2024.04.16

என்ட தங்க மகளுக்கு ஸலாம். பெருநாள் நல்லாப் போச்சு. என்ட காலுக்கு ஒண்டுமில்ல, வயசுக்கு வாற வீக்கம்.

உன்ட கடிதம் வந்த நாள் நம்மட வீட்டில நாலு பொம்பிளைகள். கதிரை காணாமப் பாய் விரிச்சன். நீ எழுதினதைச் சத்தமா வாசிச்சுக் காட்டினன். அடுத்த கிழமை சனூஸா கிளினிக்கில கேட்டாளாம், மிட்வைப்பும் அதையே சொன்னாவாம், சொல்லுக்குச் சொல். அதுக்குப் பிறகு இந்த ஒழுங்கையில ஒரே கதைதான், 'றஹ்மா எழுதினாச் சரி.' நான் அஞ்சு பிள்ளை பெத்தவள், என்ட தண்ணியை ஒருத்தரும் இப்ப மதிக்கிறாங்க இல்ல. எனக்குக் கோபமில்ல, பெருமைதான்.

களைப்பு எண்டு நீ எழுதின இடத்தை மட்டும் நான் வாசிக்கல்ல. பட்டதாரிப் பிள்ளைக்கு என்ன களைப்பு எண்டு கேட்பாளுகள்.

சனூஸாட பிள்ளைக்கு மே மாசம் பதினஞ்சாம் தேதி முதல் ஊசி. ஊசி போட்டால் காய்ச்சல் வருமாம், மருந்து எவ்வளவு குடுக்கிறது எண்டு இப்பவே பயப்படுறாள். 'கிளினிக்கில சொல்லுவாங்கதானே' எண்டன். 'அங்க சனம், அவங்க சொல்லுறது எனக்கு ஒண்டும் மண்டைக்குள்ள போகாது, றஹ்மா ராத்தா எழுதினா நான் வச்சு வச்சு வாசிப்பன்' எண்டாள். ஊசிக்கு முந்தி எழுதி அனுப்பு.

இல்மாவுக்கு என்ட முத்தம்.
உம்மம்மா

•

புல்மோட்டை
2024.05.01

அன்புள்ள உம்மம்மாவுக்கு ஸலாம். எல்லாரும் சுகந்தானே?

சனூஸாவுக்குச் சொல்லுங்க, ஊசிக்குப் பிறகு லேசான காய்ச்சல் வாறது வழமை. பால் குடுக்கிறதை நிப்பாட்ட வேணாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேணாம். காய்ச்சலுக்கு ஒரு தேக்கரண்டி மருந்து குடுக்கலாம். பிள்ளைகளின்ட டொக்டர் ஒருத்தர் வீடியோவில சொன்னது.

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். களைப்பு ஒண்டும் இல்ல. இல்மாவுக்கும் பத்தாம் தேதி ரெண்டாவது ஊசி.

உங்கட றஹ்மா

•

கிண்ணியா
2024.06.10

மகள் றஹ்மாவுக்கு ஸலாம்.

கடிதம் பிந்திப்போச்சு. கச்சான் காத்து அடிக்குது, வீடெல்லாம் புழுதி. அஷ்ரப் வேலைக்குப் போறான். மற்ற ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுகள்.

நீ இனி மருந்துக் கதை, மாயக் கதை ஒண்டும் பார்த்து எழுத வேணாம். உனக்கு வேலை கூட. பிள்ளையைப் பார்.

உம்மம்மா

•

புல்மோட்டை
2024.06.20

அன்புள்ள உம்மம்மாவுக்கு ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நௌபர் லீவு, ரெண்டு நாள் வீட்டில நிண்டார். நான் ரெண்டு நாளும் படுத்து எழும்பினேன்.

நான் எழுதி ஆறு கிழமைக்குப் பிறகுதான் உங்கட கடிதம் வந்தது, அதுவும் அரைப் பக்கம். காலுக்கு ஏலாமப் போச்சா? இல்லாட்டி என்னில கோபமா? சனூஸாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல. அவட பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா? காய்ச்சல் வந்ததா? உம்மம்மா, அவட பிள்ளை எப்படி இருக்கு எண்டு மட்டும் எழுதுங்க.

இல்மாவுக்கு மே மாச ஊசிக்கு நல்லாக் காய்ச்சினது. கிளினிக்கில தந்த மருந்து அதோட முடிஞ்சுது. வாற மாசம் பத்தாம் தேதி அடுத்த ஊசி. இனிக் கடைக்கு அலையத் தேவையில்ல, நௌபரின்ட கூடப்பிறந்த நானா கட்டாரில இருந்து வரக்குள்ள பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்து கொண்டந்து தந்தார். அதே மருந்துதான், சின்னப் போத்தல், நல்ல சாமான். போன முறை மிட்வைப் சொன்ன அளவில குடுக்கலாம்.

பதில் எழுதுங்க.
றஹ்மா

•

கிண்ணியா
2024.06.25

என்ட மகள் றஹ்மாவுக்கு,

உன்ட கடிதம் கையில கிடைச்ச உடனே அசனாவைக் கொண்டு போன் எடுத்து, அந்தச் சின்னப் போத்தலைத் தொடாதே எண்டு சொல்லுவிச்சனான். ஏன் எண்டு அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான்தான் சொல்ல வேணாம் எண்டனான். அதை நான் எழுத வேணும். தபால் பிந்தும் எண்டு இதைப் புல்மோட்டை பஸ் கொண்டக்டரின்ட கையில குடுத்து விடுறன்.

சனூஸாட பிள்ளைக்கு ஊசி போட்ட அண்டு பின்னேரமே காய்ச்சல். அவளிட்டயும் கட்டாரில இருந்து வந்த அதே மாதிரிச் சின்னப் போத்தல் இருந்தது. உன்ட கடிதத்தையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு வந்தாள். 'ராத்தா சொன்னது கடையில விக்கிற பெரிய போத்தலுக்கா, இந்தச் சின்னதுக்கா?' எண்டு என்ட காதுக்குள்ள கத்திக் கேட்டாள். கேட்டாள் மகள், அவள் ஒழுங்காத்தான் கேட்டாள். நான் சொன்னன், 'காய்ச்சல் மருந்து எல்லாம் ஒண்டுதான். றஹ்மா எழுதினாச் சரி.'

ஒரு தேக்கரண்டி குடுத்தாள். ஆறு மணித்தியாலத்தில இன்னொண்டு. விடிஞ்சு பார்க்கக்குள்ள பிள்ளை குடிச்ச பாலையெல்லாம் சத்தி எடுத்து எடுத்து, பிறகு துவண்டு கிடந்தது. கண்ணைத் திறக்குதில்ல. கிண்ணியா ஆஸ்பத்திரிக்கு ஓடினம், அங்கயிருந்து அம்புலன்சில திருகோணமலைக்கு. கிண்ணியாப் பாலம் அண்டைக்குப் போல ஒருநாளும் நீளமா இருந்ததில்ல.

டொக்டர் சின்ன வயசுப் பொம்பிளை. சனூஸா கடிதத்தை நீட்டினாள். எனக்குக் காது கேட்காது எண்டு டொக்டர் ஒரு தாளில எழுதிக் காட்டினா, 'இந்த டொக்டர் யார்?' 'என்ட பேத்தி' எண்டன். 'எந்த ஆஸ்பத்திரி?' எண்டு எழுதினா. நான் தாளைத் திருப்பிக் குடுத்திட்டன்.

அஞ்சு நாள் வச்சிருந்தாங்க. ரத்தம் எடுத்து எடுத்துப் பிள்ளையின்ட கை நீலம். அல்ஹம்துலில்லாஹ், இப்ப பால் குடிக்கிறான், சிரிக்கிறான். ஈரல் தப்பிச்சுது எண்டாங்க. சனூஸா என்னோட கதைக்கிறாள் இல்ல. வேலிக்கு அங்கால நிண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுறாள்.

உனக்குச் சொல்லாம விட்டது உன்ட மனசு நோகும் எண்டுதான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தன். அது அரைவாசி. மற்ற அரைவாசி, என்ட பேத்திக்குப் பிழைச்சுது எண்டு என்ட கையால எழுத எனக்கு ஏலாமப் போச்சு. உன்ட பிள்ளைக்கும் அதே போத்தல் எண்டு வாசிச்சாப் பிறகுதான் கை ஓடுது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டு போ.
உம்மம்மா

•

புல்மோட்டை
2024.06.30

அன்புள்ள உம்மம்மாவுக்கு ஸலாம். பிள்ளை தப்பிச்சுது எண்ட இடத்தை மட்டும் நாலு தரம் வாசிச்சேன்.

நீங்க எழுதின பிறகு நானும் எழுத வேணும். அது டொக்டர் சொன்னது இல்ல. வீடியோவில டொக்டர் ஒருத்தர் கதைச்சது உண்மை. ஆனா அவர் சொன்னது, நிறையைப் பார்த்து உங்கட டொக்டரிட்டக் கேளுங்க எண்டு. ஒரு தேக்கரண்டி எண்டது கீழ ஆரோ ஒரு ஆள் போட்ட கொமன்ட். பேர் இல்ல, ரோசாப்பூப் படம் மட்டும். இருநூறு பேர் விருப்பம் போட்டிருந்தாங்க. நீங்க டொக்டர் சொன்னதை எழுது எண்டீங்க, நான் டொக்டர் எண்டு எழுதினேன்.

இன்னும் இருக்கு. மே பத்தாம் தேதி மிட்வைப் இல்மாவை நிறுத்துப் பார்த்து, ஊசி போடுற சின்னக் குழாயில கோடு கீறிக் காட்டினா. அது நான் எழுதினதில அரைவாசியும் வராது. அப்பவே எனக்கு விளங்கினது. சனூஸாவுக்கு ஊசி போட இன்னும் அஞ்சு நாள் இருந்தது. அசனாவுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கல்ல. நான் எழுதினது பிழை எண்டால் நீங்க என்ன நினைப்பீங்க, அந்த நாலு பொம்பிளைகளும் என்ன சொல்லுவாங்க எண்டு இருந்திட்டேன். அவங்களுக்குக் கிளினிக்கில சொல்லுவாங்கதானே எண்டு மனசைச் சமாளிச்சேன்.

நேத்து போத்தலோட போனேன். சுஹைரா மிஸ், எங்கட மிட்வைப், லேபலை ரெண்டு தரம் வாசிச்சா. இது சொட்டுச் சொட்டாக் குடுக்கிற கட்டி மருந்து, இதில கால் கரண்டியில இருக்கிறது மற்றதில ஒரு முழுக் கரண்டியில இருக்கும் எண்டா. மே மாச அளவில குடுத்திருந்தாலும் இல்மாவும் ஆஸ்பத்திரிதான். நான் அங்கயே அழுதிட்டேன். மிஸ் ஏசல்ல. 'போனைத் தாங்க, என்னத்தையெல்லாம் பார்க்கிறீங்க எண்டு பார்ப்பம்' எண்டு பக்கத்தில இருந்தா. ஒவ்வொண்டாத் திறந்து, 'இதில எழுதின ஆளின்ட பேர் எங்க? இது எந்த வருஷம்? இந்தா, கடைசியில பவுடர் விக்கிறான்' எண்டு காட்டிக்காட்டித் தள்ளிவிட்டா. இருபத்திமூண்டு பக்கத்தில மூண்டுதான் மிஞ்சிச்சு. அதில ஒண்டு சுகாதார அமைச்சின்டது, தமிழிலயே இருக்கு. அதிலயும் மருந்து அளவை மட்டும் நம்பிக் குடுக்காதீங்க, போத்தலைக் கொண்டு வாங்க எண்டு சொல்லி விட்டா.

இதோட சனூஸாவுக்கு ஒரு கடிதம் வச்சிருக்கிறேன். இதில எழுதின எல்லாத்தையும் அதிலயும் எழுதியிருக்கிறேன். வாசிக்காட்டியும் பரவாயில்ல, குடுங்க.

றஹ்மா

•

கிண்ணியா
2024.07.08

மகள் றஹ்மாவுக்கு ஸலாம். உன்ட கடிதத்தை ரெண்டு நாள் தலகாணிக்குக் கீழ வச்சிருந்தன். பிறகு எழும்பினன்.

சனூஸா கடிதத்தை வாங்கினாள். பிரிக்கல்ல. அலுமாரிக்கு மேல போட்டாள். நான் திரும்பி வந்திட்டன்.

இதை விடப் பெரிய கதை ஒண்டு கேள். மருந்து அளவு எழுதின உன்ட மே மாசக் கடிதத்தை அந்த நாலு பொம்பிளைகளும் போனில படம் எடுத்திருக்காளுகள். ஒருத்தி ஒழுங்கைக் குறூப்பில போட்டிருக்கிறாள். அங்கயிருந்து மூதூருக்குப் போய், இப்ப 'டொக்டர் றஹ்மாவின் குறிப்பு' எண்டு தலைப்போட சுத்துதாம். அசனாதான் கண்டு பிடிச்சாள். எத்தின வீட்டில எத்தின போத்தல்!

அழிக்க ஏலாதாம். கேட்டன். போனது போனதுதானாம். அப்ப இன்னொண்டு அனுப்பு எண்டன். ஒரு கொப்பித் தாளில எழுதினன்: 'இந்தக் கடிதத்தில இருக்கிற மருந்து அளவு பிழை. இதை எழுதினது டொக்டர் இல்ல, என்ட பேத்தி. அதைச் சரி எண்டு சொன்னது நான். ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனது. போத்தலையும் பிள்ளையின்ட கார்டையும் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் கேளுங்க. சித்தி பரீதா, கிண்ணியா.'

அஷ்ரப் குதிச்சான். 'குடும்பத்தின்ட மானம் போகும் மூத்தம்மா, பேரை வெட்டுங்க' எண்டான். 'பேர் இல்லாத ஆளின்ட பேச்சைக் கேட்டுத்தான்டா இவ்வளவும் நடந்தது' எண்டன். அசனா வடிவான எழுத்தில திருப்பி எழுதித் தாறன் எண்டாள். விடல்ல. என்ட கோணல் எழுத்தாலயே போகட்டும். குறூப்பில போட்டதோட நிக்காம நாலு வீட்டுக்கும் நடந்து போய் நானே வாசிச்சுக் காட்டினன். ஒருத்தி சிரிச்சாள். மற்றவள் தேத்தண்ணி தந்தாள். வரக்குள்ள காலை இழுத்து இழுத்துத்தான் வந்தனான்.

பத்தாம் தேதி ஊசிக்குக் கவனமாப் போ.
உம்மம்மா

•

புல்மோட்டை
2024.07.16

அன்புள்ள உம்மம்மாவுக்கு ஸலாம். காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இராம டொக்டரிட்டக் காட்டுங்க.

ஊசி போட்டாச்சு. ஒரு நாள் காய்ச்சினது. மிஸ் கோடு கீறித் தந்த அளவில, மிஸ் தந்த மருந்து. மற்ற நாள் சூடு விட்டிட்டுது. இப்ப கவிண்டு படுத்து என்ட பேனையைப் பறிக்கிறா.

கிளினிக் வரிசையில எனக்கு முன்னால நிண்ட பொம்பிளை போனைக் காட்டினா. 'பாருங்க, எந்தக் கிழவியோ, பாவம், மானத்தை விட்டு எழுதியிருக்கு. என்ட மருமகள் இதைப் பார்த்துத்தான் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினவ' எண்டா. உங்கட எழுத்து. 'அது என்ட உம்மம்மா. அந்தப் பேத்தி நான்தான்' எண்டேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு, 'பிள்ளையைத் தாங்க, கொஞ்சம் இருங்க' எண்டு இல்மாவை வாங்கிக்கொண்டா. அரை மணித்தியாலம் நான் கதிரையில சும்மா இருந்தேன். கடைசியா எப்ப அப்படி இருந்தேன் எண்டு நினைவில்ல.

களைப்பா இருக்கு உம்மம்மா. மிஸ்ஸுக்கும் சொன்னேன், நௌபருக்கும் சொன்னேன். மிஸ் அடுத்த கிழமை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறதாச் சொன்னா. பிள்ளை பெத்த பொம்பிளைகளுக்கு இப்படி வாறது புதுசில்ல, மருந்தும் இருக்காம்.

சனூஸா ஏதும் சொன்னாளா?

உங்கட றஹ்மா

•

கிண்ணியா
2024.08.05

என்ட மகள் றஹ்மாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். டொக்டர் என்ன சொன்னார்? குளிசை தந்தால் போடு, ஆரிட்டயும் மறைக்க வேணாம். என்ட கால் வீக்கத்தை அசனா இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். உப்பைக் குறைக்கட்டாம்.

நேத்து சனூஸா வந்தாள். கூப்பிடாம வந்தாள், பிள்ளையோட. முகத்தைப் பார்க்காம, உன்ட கடிதத்தை வாசிச்சதாச் சொன்னாள். எனக்குக் கேட்க வேணும் எண்டு பக்கத்தில வந்து சத்தமாச் சொன்னாள். 'எனக்குக் கோபம் இருக்கு மூத்தம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.' 'இருக்கட்டும்' எண்டன். அப்னான் என்ட கண்ணாடியை இழுத்தான், அவள் தடுக்கல்ல. பிறகு கேட்டாள், 'ராத்தாட பிள்ளைக்கு ஊசிக்குப் பிறகு காய்ச்சல் விட்டுதா?'

விட்டிட்டுது எண்டன். அவளுக்குக் கண் கலங்கிச்சு, எனக்கும்தான். பிள்ளை இப்ப எவ்வளவு வளர்த்தி, ஆரைப் போல எண்டு கேட்டாள். என்னால சொல்ல ஏலல்ல. பிள்ளை பிறந்து நாப்பது நாள் கழிஞ்சு நீ தூக்கிக்கொண்டு போனதுக்குப் பிறகு நானே கண்டதில்ல.

புதுசா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு மகள். போனில வேணாம், அவளின்ட கையில குடுக்க வேணும். பிள்ளையை மட்டும் எடுக்காத, நீயும் இரு. சிரிக்க ஏலாட்டி சிரிக்க வேணாம். கழுவுவிச்சு, தபாலில போடு.

உம்மம்மா
சித்தி பரீதா